மாப்பிள்ளை முறுக்கு

சாட்ஸ்வர்த், வெள்ளிக்கிழமை, மணி நாலரை.
வெப்பம் இருபத்தொன்பது, ஈரம் எழுபத்தாறு.
கார் ஏறுமுன் காற்றை எழுதிக்கொள்வது என் வழக்கம்;
டர்பனில் எஞ்சினும் நம்மைப்போல்
வெந்த மூச்சைத்தான் இழுக்க வேண்டும்.

இரண்டு கார்கள்.
ஒரே வருஷம், ஒரே வெள்ளை, ஒரே ஆயிரத்து அறுநூறு சி.சி.
ஒன்றுக்கு எட்டு வால்வு. மற்றதற்குப் பதினாறு.
எட்டுக்குச் சொந்தக்காரர் கிருபானந்தன் படையாச்சி,
பந்தலும் அண்டாவும் வாடகைக்கு விடுகிறவர்,
பின்னால் எப்போதும் ட்ரெய்லர்.
பதினாறு ருவேஷனுடையது.
போன மே மாதம் அவர் தங்கையைக் கட்டியவன்,
மாப்பிள்ளை முறுக்கு இன்னும் தணியவில்லை.

"முறுக்கு யாருக்கு அதிகம்னு நீயே சொல்லு, சுலோஷினி."
மச்சான் சிரிக்காமல் கேட்டார்.
நானும் சிரிக்காமல்
உருளைமேல் ஏற்றிப் பட்டை கட்டி
நாலாம் கியரில் தரையோடு மிதித்தேன்.

எட்டு, ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே தோள் கொடுத்தது.
இரண்டாயிரத்து எழுநூறில் நூற்று முப்பத்தொன்பது நியூட்டன் மீட்டர்.
பிறகு பந்தியிலிருந்து எழுந்தவர்போல மெல்லச் சரிந்து
ஐயாயிரத்து ஐந்நூறில் அறுபத்துநாலு கிலோவாட்,
அதற்குமேல் வெறும் சத்தம்.

பதினாறு கீழே தூங்கியது.
இரண்டாயிரத்து ஐந்நூறில் நூற்றுப் பதினெட்டுத்தான்;
மச்சானுக்கு அதே இடத்தில் நூற்று முப்பத்தேழு.
நாலாயிரத்து முந்நூறில் கண்விழித்தது: நூற்று நாற்பத்தொன்று.
ஆறாயிரத்து நானூறில்
எழுபத்தெட்டு கிலோவாட், கூரைத் தகரம் குதிக்க.

உச்சத்துக்கு உச்சம் வித்தியாசம் இரண்டே நியூட்டன் மீட்டர்.
இதற்காகவா நிச்சயதார்த்த வீட்டில்
சாம்பார் வாளியைக் கவிழ்த்தீர்கள்?

ஒரே தாளில் சிவப்பும் நீலமுமாக அடித்துக் கொடுத்தேன்.
ருவேஷன் வலது ஓரத்தில் விரல் வைத்தான்.
கிருபானந்தன் இடது ஓரத்தில்.
இருவரும் ஜெயித்துவிட்டார்கள்.

நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடம்,
மூவாயிரத்து அறுநூறு.
முறுக்கு இரண்டுக்கும் நூற்று முப்பத்துநாலு.
முறுக்கைச் சுழற்சியால் பெருக்கினால் திறன்,
ஆகவே அங்கே திறனும் சமம்,
ஐம்பது புள்ளி ஐந்து.
யார் பெண் கொடுத்தது, யார் பெண் எடுத்தது என்பதைக்
கணக்கு கேட்பதில்லை.

அதுவரை வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்த தெஷ்னி
உள்ளே வந்து தாளை வாங்கினாள்.
ஐந்து வருஷம் அண்ணனின் எட்டில்,
இப்போது புருஷனின் பதினாறில்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய்வருகிறவள்.
"நூற்றிருபதில், அஞ்சாம் கியரில்,
முள் நிற்பது இங்கேதான்" என்றாள்.
நகம் சரியாக அந்த வெட்டுப்புள்ளியில்.
"ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில்
அண்ணன் காரில் இடது கை மடியிலேயே கிடக்கும்.
இவர் காரில் ஒரு கியர் இறங்கணும்.
இறங்கினால் பறக்கும்.
மற்றபடி எனக்கு இரண்டும் ஒரே கார்."

மிதியை முழுதாக அழுத்தினால் மட்டுமே
இந்தக் கோடுகள் உண்மை என்று சொல்ல வாயெடுத்தேன்.
நீ கால் பாதம் அழுத்தி ஓட்டுகிறாய், தெஷ்னி,
அங்கே என்ன நடக்கிறதென்று
எந்த டைனோ தாளிலும் இராது.
அவள் ருவேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வாயை மூடிக்கொண்டேன்.

கட்டணம் காருக்கு அறுநூறு ராண்ட்.
ஆயிரத்து இருநூறையும் தானே தருவேன் என்று
இரண்டு கைகள், இரண்டு கார்டுகள்.
இன்னொரு பத்து நிமிஷம் போயிற்று.

தெஷ்னி எதில் ஏறினாள் என்று நான் கவனிக்கவில்லை.
பட்டைகளைச் சுருட்டும்போது சத்தம் மட்டும் கேட்டது.
சிக்னலை இங்கே ரோபோ என்போம்.
ரோபோ பச்சையானதும் எட்டு முதலில் கிளம்பியது.
பாலம் தாண்டுமுன் பதினாறு கத்திக்கொண்டு முந்தியது.
பிறகு இரண்டு பிரேக்கும் ஒன்றாக.
அடுத்த ரோபோ சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.